கிருமி எந்த வழியில் வருகிறது, எதற்குச் சாகிறது? கொங்கு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை பிடித்தால் காய்ச்சலைப் பற்றிக் கேட்பார்கள். வெயில் ஏறினால் அம்மையைப் பற்றி. மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாள் வயிற்றுப்போக்கைப் பற்றி. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர்ப் பக்கங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்குப் பதில்கள் இங்கே இருக்கின்றன. கிருமியைக் கொல்லச் செலவழிக்கும் பணத்தில் பாதியை அது வரும் வழியை அடைக்கச் செலவழித்தாலே போதும் என்பது என் கட்சி. பதில்களில் அந்தச் சாய்வு தெரியும்.

கிருமி என்றால் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. டைபாய்டு, காலரா, காசநோய், ரணஜன்னி (டெட்டனஸ்) ஆகியவை பாக்டீரியாவால் வருபவை. சின்னம்மை, டெங்கு, வெறிநாய்க்கடி நோய் ஆகியவை வைரஸால் வருபவை. தொற்றிப் பரவும் மஞ்சள் காமாலையும் பெரும்பாலும் வைரஸின் வேலைதான். சீதபேதியில் ஒரு வகைக்கு அமீபா காரணம். படர்தாமரைக்குப் பூஞ்சை.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு வேறுபாடுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதாகப் புரியும். ஒன்று, கொரோனா, இன்ஃப்ளூயன்சா, வெறிநோய் போன்ற சில வைரஸ்களைச் சுற்றிக் கொழுப்பால் ஆன உறை உண்டு. சோப்பு பட்டாலே அந்த உறை குலைந்துவிடும். உறை இல்லாத வைரஸ்கள் முரடானவை. காமாலை ஏ (ஹெபடைடிஸ் ஏ) வைரஸ் அந்த வகை. இரண்டு, பாக்டீரியாக்களில் சில, காலம் சரியில்லை என்றால் வித்தாக மாறி உறங்கக்கூடியவை. ரணஜன்னிக் கிருமியும் மாடுகளைக் கொல்லும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமியும் அப்படிப்பட்டவை. சோற்றில் வளரும் பேசில்லஸ் இனத்துக்கும் இந்தக் குணம் உண்டு. இந்த வித்துகளைக் கொதிக்கும் தண்ணீர்கூட முழுமையாகக் கொல்வதில்லை.

அது நம்மிடம் வந்து சேரும் வழிகள் எவை?

வாய், மூச்சு, தோலில் உள்ள காயம், பூச்சிக்கடி, இரத்தம், உடலுறவு. முக்கியமானவை இவைதான். பெரும்பாலான கிருமிகளுக்கு இவற்றில் ஒன்றோ இரண்டோதான் வழி. எல்லா வழியிலும் எல்லாக் கிருமியும் வருவதில்லை. டெங்கு நோயாளியின் தட்டைத் தொட்டால் டெங்கு வராது. காசநோயாளி குடித்த டம்ளரால் காசநோய் வராது. ஆனால் டைபாய்டு வந்தவர் கழிப்பறைக்குப் போய்விட்டுக் கையைக் கழுவாமல் சட்னி அரைத்தால், அந்தச் சட்னியில் டைபாய்டு வரும்.

வாய் வழிதான் நம் பக்கத்தில் அதிகம் கவனிக்கப்படாதது. மலத்தில் வெளியேறிய கிருமி கை, ஈ, தண்ணீர், காய்கறி என்று ஏதாவது ஒன்றில் ஏறி இன்னொருவர் வாய்க்குப் போய்ச் சேருகிறது. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். பெரும்பாலானவை ஒரே கைப்பம்பைச் சுற்றி இருந்தன. பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். காலராக் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1884இல். கிருமி என்னவென்று தெரியாமலேயே அதன் வழியை அடைக்க முடிந்தது.

தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும்?

தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் போதும். நோய் தரும் கிருமிகளில் பெரும்பாலானவை 70 டிகிரியைத் தாண்டும்போதே சாகத் தொடங்கிவிடுகின்றன. இருபது நிமிடம் கொதிக்க வைப்பது கேஸுக்குத்தான் கேடு. உதகை போல 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர்களில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அங்கே மூன்று நிமிடம் விடுங்கள்.

காய்ச்சியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஆற வைத்த போசிக்குள் பேரப்பிள்ளை டம்ளரோடு கையை முக்கினால் காய்ச்சியதெல்லாம் வீண். குழாய் வைத்த பாத்திரமோ நீண்ட பிடி உள்ள அகப்பையோ வேண்டும். காய்ச்சிய தண்ணீரில் குளோரின் எதுவும் மிஞ்சியிருக்காது. மறுபடி கிருமி விழுந்தால் தடுக்க அங்கே காவல் கிடையாது.

சிறுவாணித் தண்ணீரையும் காய்ச்ச வேண்டுமா? அத்தனை சுவையான தண்ணீராயிற்றே?

சுவை வேறு, சுத்தம் வேறு. அணையில் நல்லதாக இருக்கும் தண்ணீர், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குளோரின் கலந்து புறப்படுகிறது. பிரச்சினை இருப்பது நடுவில். நம் ஊர்களில் குழாயில் எப்போதும் தண்ணீர் ஓடுவதில்லை. விட்டுவிட்டு வருகிறது. குழாய் காலியாகும் நேரத்தில் அழுத்தம் இறங்கி, விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தண்ணீர் விடப்பட்டதும் முதலில் வருவதைக் குடிக்கப் பிடிக்கக் கூடாது.

குழாய்த் தண்ணீரில் லேசாகக் குளோரின் வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. வாடை கொஞ்சமும் இல்லாத, கலங்கலான தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. டிரம்மில் பிடித்து வைக்காமல் என்ன செய்வது?

பிடித்து வையுங்கள், வேறு வழியில்லை. உப்புத் தண்ணீர் போர்வெல்லில் வரும், நல்ல தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும் என்பது நம் தலையெழுத்து. ஆனால் டெங்கு கொசுவான ஏடிஸுக்குச் சாக்கடை பிடிக்காது. நீங்கள் பத்திரமாக மூடாமல் வைத்திருக்கும் அந்த நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். அடுத்த முறை தண்ணீர் வருவதற்கும் ஏறக்குறைய அதே கணக்கு. குடிநீர் வாரியம் கொசுவுக்காகவே நேரம் குறித்ததுபோல் இருக்கிறது.

டிரம்மைக் கவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. காய்ந்தாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் மறுபடி ஏறியதும் பொரிந்துவிடும். வாரம் ஒருமுறை உட்சுவரை நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவிய பிறகு நிரப்பி, மெல்லிய துணியால் வாயை இறுகக் கட்டுங்கள். தண்ணீரைக் காய்ச்சுவதற்கும் டெங்குவுக்கும் தொடர்பு கிடையாது. அது வாய் வழி வருவதில்லை. கடிப்பது பகலில். இரவு கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு பகலில் சும்மா இருந்தால் பயன் குறைவு.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். எவ்வளவு, எப்படி?

தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்பது பொதுக் கணக்கு. உதாரணத்துக்கு வட்டக் கிணறு, குறுக்களவு 4 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 2 மீட்டர். 3.14 × 2 × 2 × 3 என்று பெருக்கினால் சுமார் 37.7 கன மீட்டர், அதாவது 37,700 லிட்டர். அதற்கு 95 கிராம் வேண்டும். கலங்கல் தண்ணீருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். அழுக்கே குளோரினைத் தின்றுவிடுவதால் இப்படி.

பவுடரைப் பொட்டலத்தோடு கிணற்றில் வீசுவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். அது வேண்டாம். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை நீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றிக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிக் கலக்குங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால், ஏற்கெனவே உப்பான தண்ணீர் இன்னும் கடினமாகும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். இரவில் போட்டுவிட்டுக் காலையில் இறைப்பது சௌகரியம்.

பை பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் குளோரின் போய் வெறும் சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும். மூக்கில் ஏறும் நெடி இல்லையென்றால் புதிதாக வாங்குங்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இந்த நெடியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. துணியின் நிறத்தை அழித்து வெளுக்க வைக்கும் அதே ஆக்சிஜனேற்ற வேலைதான் கிருமியின் உடலையும் சிதைக்கிறது.

மழைக்காலத்தில் சாக்கடை ஓரமாக வெள்ளைக் கோடு போடுகிறார்களே, அதனால் பயன் உண்டா?

பெரும்பாலும் கண்ணுக்குத்தான். உலர்ந்த பவுடர் தண்ணீரில் கரைந்து, கிருமியோடு சேர்ந்து, அரை மணி நேரமாவது இருந்தால்தான் வேலை செய்யும். குப்பையும் சேறும் நிறைந்த இடத்தில் அதன் வீரியம் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். முதலில் அள்ளிச் சுத்தம் செய்துவிட்டுக் கடைசியில் கிருமிநாசினி. வீட்டுத் தரைக்கும் இதே வரிசைதான்.

2020 ஏப்ரலில் திருப்பூரில் சந்தைக்கு வருவோரை நனைத்து அனுப்பக் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். நாடு முழுவதும் பேசப்பட்டு, வேறு ஊர்களும் அதைப் பார்த்துச் செய்தன. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் கொரோனா உள்ளே இருக்கும் மனிதரின் மூச்சில் இருக்கிறது, சட்டையை நனைத்து என்ன ஆகும்? குளோரின் நீர் கண்ணையும் தோலையும் நுரையீரலையும் எரிக்கும். மனிதர் மேல் தெளிக்க வேண்டாம் என்று அதே மாதத்திலேயே மத்தியச் சுகாதார அமைச்சகம் அறிவித்தது.

இன்னொரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை கழுவும் ஆசிடைக் கலக்கவே கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சிறிய கழிப்பறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

சாணி தெளித்தால் கிருமி சாகும் என்கிறார்களே? மஞ்சள்? வேப்பிலை?

தனித்தனியாகப் பார்ப்போம். புழுதி பறக்காமல் மண் தரையைக் கெட்டியாக்க சாணி நல்லது. அதற்கு மேல் எதையும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். சாணி என்பது மாட்டின் மலம். வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியாவும் ரணஜன்னி வித்தும் அதில் இருக்கலாம். காயத்தில் வைப்பதும், பிறந்த குழந்தையின் தொப்புளில் வைப்பதும் உயிருக்கு ஆபத்து.

சாணி கிடைக்காத நகரத்து வாசல்களுக்கென்று கோவைப் பக்கம் விற்கப்பட்டு வந்த சாணிப் பவுடர் இன்னொரு கதை. அதில் சாணி துளியும் இல்லை. ஆரமைன், மாலகைட் கிரீன் போன்ற செயற்கைச் சாயங்கள் அவை. நஞ்சு. குழந்தைகள் தவழும் வீட்டில் அதற்கு இடமே கிடையாது.

ஈரோட்டுக்காரர்களிடம் மஞ்சளைக் குறைத்துப் பேசுவது ஆபத்தான வேலை. இருந்தாலும் சொல்கிறேன். மஞ்சளில் உள்ள குர்க்குமினுக்கு ஆய்வகத் தட்டில் சில பாக்டீரியாக்களை அடக்கும் குணம் இருப்பது உண்மை. அது தண்ணீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை என்பதும் உண்மை. வாசலில் தெளிக்கும் மஞ்சள் நீரில் வேலை செய்யும் அளவுக்கு அது இருக்காது. களத்தில் காய்ந்து, அரைத்து வரும் மஞ்சள் தூளில் பாக்டீரியா வித்துகளும் கூடவே வரலாம். ஆகையால் திறந்த காயத்தில் அப்ப வேண்டாம். குழம்புக்கு அது இல்லாமல் முடியாது, அது தனி விஷயம்.

புதிதாகக் கரைத்த சுண்ணாம்புக்கு நிஜமாகவே வீரியம் உண்டு. அதன் காரத்தன்மை மிக அதிகம். பொங்கலுக்கு முன் சுவருக்கும் கட்டுத்தரைக்கும் வெள்ளை அடித்த நம் பாட்டிகளின் வேலை வீண் போகவில்லை. பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கப் பானைக்குள் சுண்ணாம்பு தடவுவதும் இதே வேதியியல். செம்புக் குடத்தில் இரவு முழுவதும் வைத்த தண்ணீரில் பாக்டீரியா குறைவதும் சரிதான். ஆனால் சாக்கடை கலந்த தண்ணீரைச் செம்பு காப்பாற்றாது.

அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டுவது எதற்கு?

வேப்பிலை வைரஸைக் கொல்வதாக நான் நம்பவில்லை. ஆனால் வாசலில் வேப்பிலையைக் கண்டவர்கள் உள்ளே வருவதில்லை. அம்மை போட்டவரும் வெளியே போவதில்லை. இதைவிடச் சிக்கனமான தனிமைப்படுத்தல் எது? இப்போது வருவது பெரும்பாலும் சின்னம்மை. காற்றிலும் பரவும், கொப்புள நீரைத் தொட்டாலும் பரவும். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாட்களுக்கு முன்பே பரவத் தொடங்கி, கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும் வரை நீடிக்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளைக் காலண்டரைப் பார்த்துக் குறிக்காமல் பொருக்கைப் பார்த்துக் குறியுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அந்த வீட்டுப் பக்கமே வரக் கூடாது. ஆத்தாள் வந்திருக்கிறாள், மருத்துவரிடம் போகக் கூடாது என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரலைத் தாக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது.

ஊர்களைக் காலி செய்த பெரியம்மை வேறு வைரஸ். இந்தியாவில் கடைசியாக அது வந்தது 1975இல். உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அதை ஒழித்தது தடுப்பூசி.

கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. அந்த நோய் எப்படிப் பரவியது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பலமுறை உலுக்கியது பிளேக். ஒரு கொள்ளைநோயின் பெயரையே அம்மனுக்குச் சூட்டும் அளவுக்குப் பயம். கிருமியை 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டார். எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிதான் அதை மனிதருக்குக் கொண்டுவருகிறது என்பதை 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் நிரூபித்தார். எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு அடுத்த சூடான உடலைத் தேடும். எலி விழுந்தால் வீட்டைக் காலி செய் என்ற அந்தக் காலத்து வழக்கம் தெள்ளு தெரியாமலேயே சரியாக இருந்தது. இன்று பிளேக்கைக் குணப்படுத்த ஆன்டிபயாடிக் உண்டு, விரைவாகக் கொடுக்க வேண்டும்.

சோப்பா, சானிடைசரா?

தண்ணீர் இருக்கும் இடத்தில் சோப்பு. எண்ணெய்ச் சட்டியில் பிசுக்கைக் கழற்றுவதுபோல் வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பு கழற்றுகிறது. உறை இல்லாத கிருமிகளையும் தோலிலிருந்து பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. இருபது விநாடியாவது விரல் இடுக்கு, நகம், கட்டைவிரல் எல்லாம் தேய்க்க வேண்டும். சானிடைசரில் ஆல்கஹால் 60 முதல் 80 சதவீதம் இருக்க வேண்டும். நூற்றுக்கு நூறு இருந்தால் இன்னும் நல்லது என்று நினைப்பது தவறு. கிருமியின் புரதத்தைக் குலைக்கக் கொஞ்சம் தண்ணீரும் தேவை. வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸிடமும் வித்துகளிடமும் சானிடைசர் திணறும். கையில் மண்ணோ எண்ணெயோ இருந்தாலும் அப்படித்தான்.

வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவம் பார்க்கும் மருத்துவர்களைக் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தது 1847இல். தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது. ஆனாலும் சக மருத்துவர்கள் கோபப்பட்டார்கள். கையைக் கழுவச் சொன்னால் கோபம் வருவது மிகப் பழைய வழக்கம்.

கிடா விருந்து சாப்பிட்ட மறுநாள் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைகிறது. கறி நன்றாகத்தானே வெந்தது?

வெந்தது. ஆனால் ஆறிய விதம் சரியில்லை. இறைச்சியில் இருக்கும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா, கொதியில் செத்தாலும் அதன் வித்துகள் தப்பிவிடுகின்றன. விடியற்காலையில் வைத்த குழம்பு பெரிய அண்டாவில் மத்தியானம் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். அண்டாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் ஆறாது. வித்துகள் முளைத்து, 45 டிகிரி அளவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிக்கும். சாப்பிட்ட ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் வயிற்றுவலி, பேதி. பந்தியில் உட்காரும்போது கை சுடும் சூட்டில் இருக்கும் குழம்பு பாதுகாப்பானது. 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடாமல் வைத்திருக்க வேண்டும், அல்லது அகலத் தட்டங்களில் ஊற்றி வேகமாக ஆற்றிக் குளிரில் வைத்து, பரிமாறும்முன் மறுபடி நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். அண்டாவை மூடி மேலே ஈரச்சாக்கு போடுவது கிருமிக்குத் தொட்டில் கட்டும் வேலை.

சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வாந்தி என்றால் கதை வேறு. சமையல்காரர் கையில் இருந்த புண்ணிலிருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் விழுந்து நஞ்சைச் சுரந்திருக்கலாம். அல்லது மண்டபத்தில் ஆறிக் கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் வளர்ந்திருக்கலாம். இந்த இரண்டின் நஞ்சும் சூட்டுக்கு அழியாது. கெட்டதை மறுபடி சுட வைத்தால் கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும்.

டைபாய்டு குணமான பிறகும் சிலரின் பித்தப்பையில் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். நியூயார்க்கில் மேரி மலன் என்ற சமையல்காரப் பெண்மணி நோய் எதுவும் இல்லாமலேயே வேலை செய்த வீடுகளில் டைபாய்டைப் பரப்பியது 1907இல் தெரிய வந்தது. நம் சமையல் குழுக்களில் உள்ளவர்களுக்கும் மலப் பரிசோதனை செய்வது நல்லது.

அப்படியானால் பழைய சோறு?

நீர் ஊற்றி வைத்த பழைய சோறும் மேசையில் மறந்துபோன பிரியாணியும் ஒன்றல்ல. நீரூற்றிய சோற்றில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிப்பாக்கி, கெட்ட கிருமிகளை ஒடுக்கிவிடும். கம்மங்கூழும் இட்லி மாவும் அதே வழிதான். இட்லி மாவில் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா முன்னால் நின்று வேலை செய்கிறது. கோவைக் கிரைண்டரில் அரைத்த மாவு விடிவதற்குள் பொங்கி, அமிலநிலை எண் (pH) 4.5 அளவுக்கு இறங்கிவிடும். சோறு சீக்கிரமாக ஆறியிருக்க வேண்டும், ஊற்றும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். பிசுபிசுத்து நூல் விட்டால் மாட்டுக்கும் வேண்டாம்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் கிருமி செத்துவிடுமா?

சாகாது. வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். ஐஸிலும் சாகாது. சர்பத்தின் சுத்தம் ஐஸ் செய்த தண்ணீரின் சுத்தம்தான்.

நாமக்கல் முட்டையை அரைவேக்காட்டில் சாப்பிடலாமா?

ஆரோக்கியமானவர் எப்போதாவது சாப்பிடுவது அவர் விருப்பம். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு மஞ்சள்கரு இறுகும் வரை வேக வையுங்கள். சால்மொனெல்லா முட்டைக்குள்ளேயும் இருக்கலாம். பறவைக்காய்ச்சல் செய்தி வரும்போதெல்லாம் கோழி விலை விழுகிறது. உள்ளே முழுவதும் 70 டிகிரி தாண்டி வெந்த கறியில் அந்த வைரஸ் இருக்காது. பச்சைக் கோழியைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவினால் கிருமி போகாது, அடுக்களை முழுவதும் தெறிக்கும். அதைவிட, கோழி வெட்டிய பலகையிலேயே தக்காளி நறுக்குவதை நிறுத்துங்கள்.

கறந்த பாலை அப்படியே குடிப்பது உடம்புக்கு நல்லது என்கிறார் அப்பாரு.

அப்பாருவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: பச்சைப் பாலில் புருசெல்லா இருக்கலாம். வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, முதுகு வலி என்று ஆளை உருக்கிவிடும். கன்று வீசிய (கருச்சிதைந்த) மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பவருக்கும் அது வரும். பாக்கெட் பாலைச் சூடுபடுத்தும் முறை லூயி பாஸ்டரின் பெயரால் வழங்குவது. 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி. வீட்டில் ஒரு கொதி வந்தால் அதற்கு மேலேயே ஆகிவிடுகிறது.

சந்தையில் வாங்கிய மாட்டால் கட்டுத்தரைக்கே கோமாரி வந்துவிட்டது. எப்படித் தடுப்பது? அடைப்பானும் இப்படித்தான் வருமா?

இரண்டும் முற்றிலும் வேறு. கோமாரி வைரஸ். எச்சில், கொப்புள நீர், பால், மூச்சு எல்லாவற்றிலும் வெளியேறும். கயிற்றிலும் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும்கூட ஊர் விட்டு ஊர் போகும். கருங்கல்பாளையம், பொள்ளாச்சி, அந்தியூர்ச் சந்தைகளில் மாடு பிடித்து வந்தால் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். பழைய கயிற்றை எரித்துவிடுங்கள். இந்த வைரஸ் அமிலத்துக்கும் காரத்துக்கும் பயப்படும். லிட்டருக்கு 40 கிராம் வீதம் சலவைச் சோடா கரைத்துத் தரையையும் தீவனத் தொட்டியையும் கழுவினால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசியைத் தவற விடாதீர்கள்.

அடைப்பான் பாக்டீரியா. மேய்ந்துகொண்டிருந்த ஆடோ மாடோ திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த இரத்தம் வந்தால் அதைத் தொடாதீர்கள். அறுக்கவே அறுக்காதீர்கள். மூடிய உடலுக்குள் அந்தக் கிருமி அழுகலில் அழிந்துவிடும். அறுத்து இரத்தம் காற்றில் பட்டதும் வித்தாக மாறும். மாறினால் அந்தக் கொரங்காட்டு (மேய்ச்சல் காட்டு) மண்ணில் பல பத்தாண்டுகள் கிடந்து, அடுத்த தலைமுறை ஆட்டைக் கொல்லும். செத்த ஆட்டை விற்றுக் காசாக்கப் பார்ப்பது, தோலை உரிப்பவர் கையில் கரும்புண்ணை வரவழைக்கும். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, அவர் சொல்லும் இடத்தில் ஆறடிக்குக் குறையாத குழியில் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். இந்த வித்துகளின் கதையை ராபர்ட் கோக் கண்டறிந்தது 1876இல். ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுப் பாஸ்டர் எல்லோர் முன்னிலையிலும் காட்டியது 1881இல்.

வித்துகளை அழிக்க வழியே இல்லையா?

இருக்கிறது. அழுத்தத்தோடு சேர்ந்த நீராவி. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி, 15 முதல் 20 நிமிடம். மருத்துவமனை ஆட்டோகிளேவின் கணக்கு இது. நம் வீட்டுக் குக்கரும் ஏறக்குறைய அந்தச் சூட்டைத் தொடுகிறது.

துருப்பிடித்த ஆணி குத்தினால் மட்டும்தானே ரணஜன்னி?

துருவுக்கும் அதற்கும் உறவில்லை. வித்து இருப்பது மண்ணிலும் சாணத்திலும். காற்றுப் புகாத ஆழமான காயம் அதற்கு வசதி. பளபளக்கும் புதுக் கொழு குத்தினாலும், கருவேல முள் ஏறினாலும் வரலாம். சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி எப்போது போட்டீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாய் கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்து. மிளகாய், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். வெறிநோய் வைரஸுக்கு உறை உண்டு, சோப்புக்கு அது அஞ்சும். பிறகு அன்றே ஊசி. இரத்தம் வந்த கடிக்கு இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். நோய்க்குறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. நம் மலைக்கு மேலே குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் தொடங்கியது இந்த ஒரு நோய்க்காகத்தான். இன்று ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். வீட்டு நாய், குட்டி நாய், சும்மா கீறல் என்று சாக்குச் சொல்லாதீர்கள்.

சளிக்கு ஆன்டிபயாடிக் வாங்கலாமா?

சளி பெரும்பாலும் வைரஸ். பெனிசிலினை 1928இல் ஃபிளெமிங் கண்டது முதல் இன்று வரை ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். மருந்துக்கடையில் இரண்டு நாளைக்கு வாங்கித் தின்றால், வலுவான பாக்டீரியா தப்பித்துப் பெருகும். பண்ணைகளிலும் இதே கதைதான். கடைசி ஆயுதமாக மருத்துவர்கள் வைத்திருந்த கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான கோழி, கால்நடைகளுக்குக் கொடுக்க 2019இல் இந்திய அரசு தடை விதித்தது.

வீட்டில் ஒருவருக்குக் காசநோய். தனித் தட்டு, தனித் துணி வைக்கிறோம். சரியா?

தேவையில்லை, அவர் மனம்தான் நோகும். காசநோய் இருமலில் கிளம்பிக் காற்றில் மிதக்கும் நுண்துளிகளில் இருக்கிறது. ஜன்னலைத் திறங்கள், வெயில் விழட்டும், சிகிச்சையின் முதல் வாரங்களில் அவர் முகக்கவசம் போடட்டும். வெயிலில் அந்தக் கிருமி விரைவாகச் சாகும். பெருந்துறையில் ஒருகாலத்தில் காசநோய்க்கென்றே சானடோரியம் வைத்ததில் வறண்ட காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. இப்போது மாத்திரை இருக்கிறது. வழக்கமான வகைக்கு ஆறு மாதம், அரசு இலவசமாகத் தருகிறது. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்திவிடுபவர்கள்தான் மருந்துக்கு அடங்காத வகையை உண்டாக்குகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கும் எல்லோரும் சளியைப் பரிசோதிக்க வேண்டும், வீட்டில் உள்ள மற்றவர்களும்தான்.

குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினி ஊற்ற வேண்டுமா?

வேண்டாம். தோலில் இருக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நமக்குக் காவல்தான். சாதாரணச் சோப்பு போதும்.